வருவோர் பாஷையில் வாயில்

2024-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லைப் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் இணையதள முகப்பு திடீரென்று முழுவதும் ஹிந்தியாகக் காட்சியளித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதன்மந்திரி ஸ்ரீ ஸ்டாலினும் எதிர்க்கட்சித் தலைவர் ஸ்ரீ பழனிசாமியும், எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள், இதை இருவருமே கண்டித்தார்கள். இயந்திரக் கோளாறு என்று கூறிக் கார்ப்பொரேஷன் அதைச் சரிசெய்தது. அது நிற்க. நம் மனத்தை உறுத்தியது ஒரு சிறு பொத்தான். பாஷையை மாற்றிக்கொள்ள வைத்திருந்த அந்தப் பொத்தானும் ஹிந்தியிலேயே இருந்தது! பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. குறைதீர்க்க வேண்டி எந்த அதிகாரிக்கும், யூனியனிலோ ராஜ்யத்திலோ வழங்கும் எந்தப் பாஷையிலும் விண்ணப்பிக்கலாமென்று அரசியல் சாசனத்தின் 350-வது ஷரத்து கூறுகிறது. 1976-ம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாகவே இந்தியாவுக்குச் செல்லுபடியாகின்றன. 2020-ல் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு நகல் அறிவிக்கையை மத்திய சர்க்கார் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டும் வெளியிட்டு ஜனங்களின் ஆட்சேபங்களைக் கோரியபோது, எட்டாவது அட்டவணையின் 22 பாஷைகளிலும் மொழிபெயர்த்து இணையதளத்தில் ஏற்றும்படி டில்லி ஹைகோர்ட் ஜூன் 30-ந் தேதி உத்தரவிட்டது. படிக்க முடியாத அறிவிப்புக்கு ஆட்சேபம் கூறுவது எங்ஙனம்?

நாம் உரிமையென்று கேட்பதை அயலாருக்கு அளிக்கிறோமா என்பதையும் சிந்திக்க வேண்டும். இராஜபாளையம் தாலுகாவிலுள்ள தேவதானம், பாண்டிநாட்டுப் பஞ்சபூத ஸ்தலங்களுள் ஆகாய ஸ்தலமென்று போற்றப்படுவது. அருகே ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஆண்டாளின் சரிதத்தைத்தான் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டில் 'ஆமுக்தமால்யதா' என்ற தெலுங்குக் காவியமாக இயற்றினார். அரசர் தம் பாஷையில் பாடிய ஊருக்கு அவர் பாஷை பேசும் ஒரு யாத்திரிகர் இன்று வருகிறாரென்று வைத்துக்கொள்வோம். நடை திறக்கும் நேரம், உற்சவத் தேதி, தங்குமிடம் ஆகிய மூன்றையேனும் அவர் தெலுங்கில் படித்தறிய வேண்டாமா? மலைக்கு அப்பாலிருந்து வரும் மலையாளிகளுக்கும் இந்தச் சௌகரியம் அவசியமே. இங்கிலீஷ் இருக்கிறதே என்பார்கள். இங்கிலீஷ் படித்த நாமே சொல்கிறோம்: கோயிலுக்கு வரும் கிழவிக்கு அது உதவாது.

இதற்குப் பெருஞ்செலவில்லை. அறிவிப்பை அச்சடித்துப் படம்பிடித்து ஏற்றும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். படத்திலுள்ள எழுத்தை மொழிபெயர்ப்பு இயந்திரம் எளிதில் படிக்காது, கண் தெரியாதவருக்கு உரக்கப் படித்துக் காட்டும் கருவியும் படிக்காது. ஆளுக்கொரு எழுத்துருவாக நாம் அல்லற்பட்ட காலமும் போயிற்று. யூனிக்கோட் முறையைத் தமிழ்நாடு சர்க்கார் 2010-லேயே ஏற்றுக்கொண்டு விட்டது. ஒவ்வொரு பாஷையின் பெயரையும் அதனதன் எழுத்திலேயே முகப்பில் பொறிக்க வேண்டும். கொடிப் படம் போடுவது வீண். தெலுங்குக்கு எந்தக் கொடி?

2022-ல் மத்திய சர்க்கார் துவக்கிய 'பாஷிணி' போன்ற இயந்திரங்கள் முதல் நகலைத் தரலாம். அதை அப்படியே ஏற்றுவது அபாயம். தேவதானத்து ஈசனின் திருநாமம் நச்சாடை தவிர்த்தருளியவர். பாண்டியனுக்குச் சோழன் அனுப்பிய விஷ ஆடையை விலக்கியவர் என்பது ஸ்தல புராணம். பெயரென்று அறியாத இயந்திரம் சுவாமியையே துணிக்கடைச் சமாசாரமாக ஆக்கிவிடக்கூடும். தேவதானம் என்ற ஊர்ப்பெயரைத் தேவஸ்தானமென்று அது மயங்கினாலும் ஆச்சரியமில்லை.

இராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களில் தெலுங்கு எழுத்தும் அறிந்த ஒருவரும், மலையாளம் கற்ற ஒருவரும் ஒரு வாரம் உட்கார்ந்தால் நான்கு பக்கங்களைத் திருத்திக் கொடுத்துவிடலாம். கோயில் நிர்வாகத்தார் அடுத்த உற்சவத்துக்குள் அவர்களை அழைத்துப் பார்க்கட்டும்.