கரண்ட் பில்: 501-வது யூனிட்டின் விலை என்ன?

ஜூன் மாதம் தங்கச்சிமடத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அக்கா போனோடு வந்தார். இ.பி.யிலிருந்து வந்த மெசேஜைக் காட்டினார்.

"தம்பி, கம்ப்யூட்டர் வேலைதான பாக்குற, இதக் கொஞ்சம் கணக்குப் பண்ணிப் பாரு. போன தடவை 1616. இப்ப 2141. கூட ஓடுனது 42 யூனிட்டுதான்னு சின்னவன் சொல்றான். 42 யூனிட்டுக்கு 525 ரூவாயா? எங்கிட்டிருந்து வந்துச்சு இவ்வளவு காசு?"

அது தடைக்காலம் முடிந்த சமயம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அக்கா வீட்டில் வருமானம் வருவது ஒரு விசைப்படகில் கிடைக்கிற பங்கில்தான். இரண்டு மாதம் காசு வராத வீட்டில் 525 ரூபாய் கூடுதல் என்பது சும்மா விடுகிற விஷயம் இல்லை. எனக்கும் "ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றுதான் தோன்றியது. 525-ஐ 42-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 12 ரூபாய் 50 காசு. வீட்டுக் கட்டணத்தின் உச்ச விகிதமே அவ்வளவு கிடையாது. கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கண்டுபிடித்தது நான் எதிர்பார்த்தது இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் உபயோகமாக இருக்கும்.

முதலில் தொகை

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் வீட்டுக்காரர் கட்டும் விகிதம் இது. (2025 ஜூலையில் வந்த உயர்வு வீடுகளுக்கு இல்லை, அதை அரசே ஏற்றுக்கொண்டது.)

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்:
முதல் 100 யூனிட் – இலவசம்
101 முதல் 200 வரை – 2.35 ரூபாய்
201 முதல் 400 வரை – 4.70 ரூபாய்
401 முதல் 500 வரை – 6.30 ரூபாய்

மொத்தம் 500-ஐத் தாண்டினால்:
முதல் 100 யூனிட் – இலவசம்
101 முதல் 400 வரை – 4.70 ரூபாய்
401 முதல் 500 வரை – 6.30 ரூபாய்
501 முதல் 600 வரை – 8.40 ரூபாய்
601 முதல் 800 வரை – 9.45 ரூபாய்
801 முதல் 1000 வரை – 10.50 ரூபாய்
அதற்கு மேல் – 11.55 ரூபாய்

ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலான எண்களைப் பார்ப்பீர்கள். இடையில் உள்ளது அரசு தரும் மானியம். அந்த எண்களை வைத்துக் கணக்கு போட்டால் பில்லோடு ஒத்துப்போகாது. மேலே இருப்பதை வைத்துப் போடுங்கள்.

அக்கா வீட்டு பில்லுக்கு வருவோம். போன தடவை 470 யூனிட். 235 + 940 + 441 = 1616. சரி. இந்தத் தடவை 512 யூனிட். 1410 + 630 + 100.80 = 2140.80, அதாவது 2141. இதுவும் சரி! ஒரு ரூபாய் கூடத் தப்பில்லை.

அப்படியானால் 525 ரூபாய் எப்படி வந்தது? இரண்டு அட்டவணையையும் மறுபடி பாருங்கள். 500-ஐத் தாண்டியவுடன் 101–200 யூனிட்டுக்கான 2.35 ரூபாய் சலுகை போய்விடுகிறது. அந்த 100 யூனிட்டும் 4.70 ஆகிவிடும். அதாவது 500 யூனிட்டுக்கு பில் 1805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! அக்காவின் 525-இல் 235 ரூபாய் இந்தச் சுவரைத் தாண்டியதற்கான காசு. மீதிதான் 42 யூனிட்டின் விலை.

ஒரு ஆறுதல், முன்பு இந்தச் சுவர் இன்னும் உயரம். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்துக்கு முன் 500 யூனிட்டுக்கு 1130 ரூபாய், 501-க்கு 1786.60. அன்று அந்த ஒரு யூனிட் 656 ரூபாய்.

அடுத்தது தேதி

தொகை சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பெருக்கல் கூட்டல் எல்லாம் மென்பொருள் செய்கிறது, அதில் தப்பு வருவது அபூர்வம். அதற்குள் போகிற எண்களைத்தான் பார்க்க வேண்டும். முக்கியமானது இரண்டு ரீடிங்குக்கும் நடுவில் எத்தனை நாள் என்பது.

ஒரு வீட்டில் தினமும் 8 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 நாளில் 480 யூனிட், பில் 1679 ரூபாய். ரீடிங் ஆறு நாள் தள்ளி, 66-வது நாள் எடுத்து, அதை அப்படியே ஒரே பில்லாகப் போட்டால் 528 யூனிட். பில் 2275 ரூபாய். பார்த்தால் 596 ரூபாய் பறிபோன மாதிரி இருக்கும். ஆனால் அடுத்த ரீடிங் வழக்கமான தேதிக்கே வந்துவிட்டால் அது 54 நாள்தான். 432 யூனிட், 1377 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டினால் 3652. சரியாக 60 நாளுக்கு ஒருமுறை எடுத்திருந்தால் 3358. ஆக உண்மையான நஷ்டம் 294 ரூபாய். புகார் சொல்லும்போது 596 என்று சொன்னால் நம்ம கணக்கே தப்பு.

இங்கேதான் எனக்கு ஒரு ஆச்சரியம். தினசரி யூனிட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். தினமும் 8.5 யூனிட் ஓடும் வீட்டுக்கு விடை மைனஸில் வந்தது. கோடில் தப்போ என்று கையால் போட்டுப் பார்த்தேன். 60 நாள் கணக்கில் இரண்டு பில்லும் 510 யூனிட், மொத்தம் 4248 ரூபாய். 66, 54 என்று பிரிந்தால் 561, 459 யூனிட், மொத்தம் 4099. தாமதத்தால் அந்த வீட்டுக்கு 149 ரூபாய் லாபம்! ஒரு பில்லாவது சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதே காரணம். அதனால் "லேட்டா ரீடிங் எடுத்தா எப்பவும் நஷ்டம்" என்பது உண்மை இல்லை. 500-க்கு எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியை மாநிலமே ஒருமுறை கேட்டது. 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்க முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்து, மொத்த யூனிட்டை இரண்டு சம பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் இலவசம் கொடுத்து, இரண்டு பில்லையும் கூட்டி, ஏற்கனவே கட்டிய தொகையைக் கழித்தார்கள். கட்டிய தொகைக்குப் பதில் யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2020 ஜூலையில் மனு தள்ளுபடி ஆனது.

அன்றைய கட்டணத்தை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில் உண்மையில் ஓடியது முதல் இரண்டு மாதம் 400, அடுத்து 620 என்றால் பாதி பாதியாகப் பிரித்ததில் 290 ரூபாய் நஷ்டம். பக்கத்து வீட்டில் 420, 560 என்றால் 866 ரூபாய் லாபம். மொத்தம் 1020-க்கும் 980-க்கும் இடையே உள்ள 40 யூனிட் வித்தியாசம்தான். நஷ்டப்பட்டவர் பேசினார், லாபம் அடைந்தவருக்கு லாபம் வந்ததே தெரியாது.

அக்கா பில்லில் தேதியும் பார்த்தேன். 60 நாள். அதிலும் குறை இல்லை.

மீட்டர்

வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளையும் எடுத்துவிட்டு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ கரண்ட் போகிறது. உப்புக் காற்று அடிக்கிற நம்ம பக்கத்தில் துருப்பிடித்த இணைப்பு, ஈரம் ஏறிய சுவருக்குள் ஓடும் பழைய வயர், இரண்டும் சந்தேகத்துக்கு உரியவை. இது காசுப் பிரச்சினை மட்டும் இல்லை, ஷாக் அடிக்கும். நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க, அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் மூன்று நிமிடம் போட்டால் 160 முறை சிமிட்ட வேண்டும். ராடைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் போட வேண்டும். எண்ணிக்கை குறைவாக வந்தால் அவசரப்படாதீர்கள். வோல்டேஜ் 230-க்குப் பதில் 200 இருந்தால் அதே ராட் சுமார் 756 வாட்தான் இழுக்கும், 121 சிமிட்டல்தான் வரும். 160-ஐவிட ரொம்ப அதிகமாக வந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் இது வீட்டுச் சோதனைதான். கட்டணம் கட்டி மீட்டரைப் பரிசோதிக்க விண்ணப்பிப்பதே முறை.

பில்லில் இன்னும் இரண்டு விஷயம்

ஒன்று, கட்டண வகை. வீட்டுக்கு 1-ஏ. வாசலில் வைத்திருந்த பெட்டிக்கடையை மூடி இரண்டு வருஷம் ஆகியும் இணைப்பு வணிக வகையிலேயே இருந்தால் 100 யூனிட் இலவசமும் கிடைக்காது, விகிதமும் அதிகம். விண்ணப்பம் கொடுத்து மாற்ற வேண்டும்.

இரண்டு, வைப்புத்தொகை. சில பில்லில் கூடுதல் வைப்புத்தொகை சேர்ந்து வரும். அது கட்டணம் இல்லை. உங்கள் பேரில் இருக்கும் பணம், அதற்கு வட்டியும் உண்டு.

பெரிய தொகை எங்கே போகிறது?

தெருவில் நான் பார்த்த பில்களில் அதிகம் காசு போனது ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கிற வீடுகளில்தான். ஒரு உதாரணம்: வீட்டுக்காரர் 300 யூனிட், மாடியில் வாடகைக்கு இருப்பவர் 250. ஒரே மீட்டர் என்றால் 550 யூனிட், 2460 ரூபாய். தனித்தனி மீட்டர் என்றால் 705 + 470 = 1175. வித்தியாசம் 1285 ரூபாய், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை! "யூனிட்டுக்கு எட்டு ரூவா கேக்குறாரு" என்று வாடகைக்காரர் புலம்புவார், "எனக்கே கட்டுப்படியாகல" என்று வீட்டுக்காரர் சொல்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தனி வாசல், தனி சமையலறையோடு தனிக் குடும்பம் இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

உண்மையிலேயே தப்பு இருந்தால்?

முதலில் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மின்னகம் 94987 94987 எண்ணிலும் பதியலாம். அங்கே தீரவில்லை என்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, நம்ம ராமநாதபுரம் வட்டத்துக்கும் உண்டு. அதன் தீர்ப்பில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். 2003 மின்சாரச் சட்டத்தின் 42-வது பிரிவு தந்த வழி இது.

பலருக்குத் தெரியாதது 56-வது பிரிவு. பில்லில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாத சராசரிக் கட்டணம், இதில் எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன்" என்று குறிப்பிட்டுக் கட்டலாம். தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. பயந்துபோய் முழுசாகக் கட்டவும் வேண்டாம், கோபத்தில் ஒன்றுமே கட்டாமல் இருக்கவும் வேண்டாம்.

அக்கா வீட்டுக்கு என்ன பதில்?

"அக்கா, யாரும் ஏமாத்தல. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றேன். அவர் முகத்தில் அது நல்ல செய்தியாகத் தெரியவில்லை. தடைக்காலத்தின் 61 நாளும் கிட்டத்தட்ட ஒரு பில்லின் நீளம். கடலில் இருக்க வேண்டிய மூன்று ஆண்களும் கோடை வெயிலில் வீட்டில் இருந்திருக்கிறார்கள். 42 யூனிட் கூட ஓடாமல் என்ன செய்யும்?

பிறகு காற்றாடியைக் கணக்கு போட்டோம். பழைய காற்றாடி 75 வாட். புதிதாக வரும் பி.எல்.டி.சி. வகை சுமார் 30 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரே ஒரு காற்றாடியை மாற்றினால் 60 நாளில் 32 யூனிட் மிச்சம். 512 என்பது 480 ஆகும், 2141 என்பது 1679 ஆகும். ஒரு காற்றாடி, ஒரு பில்லில் 462 ரூபாய். ஆனால் 400 யூனிட் ஓடுகிற வீட்டில் இதே காற்றாடி 150 ரூபாய்தான் மிச்சம் பிடிக்கும். சுவருக்கு அருகில் இருப்பவருக்குத்தான் இந்த லாபம்.

இப்போது அக்கா வீட்டு காலண்டரில் ரீடிங் எடுத்த நாளிலிருந்து 45-வது நாளில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அன்று மீட்டரைப் பார்த்து, பழைய ரீடிங்கைக் கழித்து, 375-க்கு மேல் இருந்தால் மீதி 15 நாளுக்கு வீட்டில் அக்கா சட்டம்தான். போன வாரம் போனில் சொன்னார்: "339 தம்பி. இந்தத் தடவ தப்பிச்சோம்."