மருத்துவமனைகளில் பணியிட நல மேலாண்மையும் அதன் நன்மைகளும்

மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்புநர், தூய்மைப் பணியாளர் என மருத்துவமனையில் பணிபுரியும் அனைவரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் நிருவாகம் திட்டமிட்டுக் காப்பதே பணியிட நல மேலாண்மை ஆகும். தடுப்பூசி, ஆண்டுப் பரிசோதனை, பாதுகாப்புக் கருவிகள், முறையான பணி நேரம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆகியவை இதில் அடங்கும்.

ஏன் தேவை?

நோயைக் குணப்படுத்தும் இடமே நோய் தொற்றும் இடமாகவும் இருக்கிறது. நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி பணியாளரின் கையில் குத்திவிட்டால் கிருமிகள் பரவலாம். அந்த நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்து, பணியாளர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், நூற்றில் 6 முதல் 30 பேருக்குத் தொற்று ஏற்படக்கூடும். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை இது ஆயிரத்தில் 3 பேர் அளவில் உள்ளது.

காற்றில் பரவும் நோய்களும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலிய மாணவர்களிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆண்டுக்கு 7.8 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் காசநோய்க் கிருமித் தொற்று ஏற்படுவதாகக் கணக்கிடப்பட்டது. தொற்று பெற்ற அனைவரும் நோயாளி ஆவதில்லை. எனினும் இது நாட்டின் பொதுச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம்.

நன்மைகள்

1. தொற்று தடுக்கப்படுகிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணையாகப் போட்டுக்கொண்டால் பெரும்பாலோருக்கு நீண்டகாலப் பாதுகாப்புக் கிடைக்கிறது.

2. விபத்துக்குப் பின் உடனடிச் சிகிச்சை கிடைக்கிறது. ஊசி குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றவரை 2 மணி நேரத்திலும், தவறினால் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். திட்டுக்குப் பயந்து காயத்தை மறைப்பவருக்கு இந்த வாய்ப்பு நழுவிவிடும். எனவே அச்சமின்றித் தெரிவிக்கும் சூழலே முதல் மருந்து.

3. நோயாளி பாதுகாப்புப் பெறுகிறார். 1847இல் வியன்னாவில் பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்ட காயத்தால் யாக்கோப் கொல்லெச்கா என்ற பேராசிரியர் இறந்தார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரிடம் கண்டவற்றை ஒத்திருந்ததை அவருடைய நண்பர் செம்மல்வைசு உணர்ந்தார். அதன்பின் அவர் கட்டாயமாக்கிய கைகழுவும் முறையால் தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

4. பிழைகள் குறைகின்றன. தொடர்ந்து இரவுப் பணி பார்த்துக் களைத்தவர் மருந்தின் அளவைத் தவறாகப் படிக்கக்கூடும். போதிய ஓய்வு பணியாளரையும் நோயாளியையும் சேர்த்தே காக்கிறது.

சட்டம் கூறுவது

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016இன்படி, கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும். பணியில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனையும் பயிற்சியும் அளிக்க வேண்டும். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உள்ளது.

சிறிய ஊர்களில்

திருநெல்வேலி–தென்காசி சாலையிலுள்ள பாவூர்சத்திரம் போன்ற ஊர்களின் சிறு மருத்துவமனைகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். ஆள் குறைவான இடத்தில் ஒரு செவிலியர் விடுப்பில் சென்றாலே பணி தடைபடும் என்பதால், நல மேலாண்மை அங்கு இன்னும் அவசியம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டி, தடுப்பூசிப் பதிவேடு, விபத்து நேர்ந்தால் எங்கே செல்வது என்று சுவரில் ஒட்டிய தாள் ஆகியவற்றிலிருந்தே தொடங்கலாம்.

பயன்படுத்திய ஊசியைப் பெட்டியில் போடாமல் சாதாரணக் குப்பையில் எறிந்தால், அது குத்துவது எறிந்தவரை அன்று. மறுநாள் காலையில் குப்பையை அள்ளுபவரை. அவர் ஒப்பந்தப் பணியாளராக இருந்தாலும் தடுப்பூசிப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும்.