கம்பியில்லாக் கருவி கருங்கல்லைத் துளைக்குமா?

செஞ்சிக் கோட்டையை நீங்கள் நேரில் பார்த்திருக்கலாம், படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உருண்டைப் பாறைகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போலத் தோன்றும் மலைகள் அவை. அந்த வட்டாரத்தில் தொண்டூர் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள குன்றில், சமணத் துறவியர்க்காகப் பாறையிலேயே வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் இருக்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையவை. உளியும் சுத்தியும் கைப்பலமும் தவிர அவற்றை வெட்டியவர்களிடம் வேறொன்றும் இருந்திருக்க முடியாது.

இன்று அதே வட்டாரத்தில் ஒரு வீடு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் மின் இணைப்பு வரவில்லை. கதவு நிலையைக் கருங்கல் தூணோடு இணைக்கத் துளை போட வேண்டும். வேலைக்கு வந்தவர் பையிலிருந்து ஒரு பேட்டரி டிரில்லிங் மெஷினை எடுக்கிறார். கைத்துப்பாக்கி போன்ற வடிவம். அடியில் செங்கல் துண்டு போல ஒரு பேட்டரி. ஐ.டி.ஐ. படிப்பை முடித்துத் தொழில் தொடங்கும் இளைஞர் இத்தகைய கருவியைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறார். அது கடினமான வேலைக்குத் தாங்குமா தாங்காதா என்பது அவருக்கு வெறும் அறிவியல் கேள்வியன்று. அன்றாடக் கூலியைப் பற்றிய கேள்வி.

கடைக்காரர் சொல்வதை ஒருபுறம் வைத்துவிட்டு, நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நடுத்தரமான ஒரு பேட்டரியின்மீது 18 வோல்ட், 5 ஆம்பியர்–மணி என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 90 வாட்–மணி. இதை ஜூலாக மாற்ற 3,600ஆல் பெருக்க வேண்டும். 3,24,000 ஜூல் வரும். இது பெரிய அளவா, சிறிய அளவா? செஞ்சியின் இராசகிரி சுமார் 240 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு உயர்வதற்கு வேண்டிய ஆற்றல் 60 × 9.8 × 240, அதாவது சுமார் 1,41,000 ஜூல். ஆக, அந்தப் பேட்டரியில் அடங்கியுள்ள ஆற்றல் இரண்டு பேரை மலையுச்சிக்குத் தூக்கிச் சென்ற பின்னும் கொஞ்சம் மிஞ்சும்! முக்கால் கிலோகூட இல்லாத பொருளுக்கு இது வியப்பான திறமைதான்.

மரத்தில் ஒரு திருகாணியை இறக்கச் சில நூறு ஜூல் போதும். மோட்டாரிலும் பற்சக்கரத்திலும் வீணாவதைச் சேர்த்தாலும் ஆயிரம் ஜூலைச் சுற்றித்தான் ஆகும். எனவே ஒரு பேட்டரியில் முந்நூறு திருகாணிகளை முடுக்கிவிடலாம். தச்சர்கள் இக்கருவியை விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் கையடக்கமான கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியை அறுக்கும் நான்கு அங்குல கிரைண்டர் முழுப் பளுவில் 700 வாட் கேட்கும். 90ஐ 700ஆல் வகுத்துப் பாருங்கள்: எட்டு நிமிடம்கூட ஓடாது. கல் அறுக்கும் இயந்திரம் 1,300 வாட் கேட்கிறது. நான்கே நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். திருகாணி முடுக்குவது விட்டுவிட்டுச் செய்யும் வேலை. அறுப்பதோ விடாமல் ஆற்றலை விழுங்கும் வேலை. கருவியைக் குறை சொல்லும் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பேட்டரி தீர்வதைவிடப் பெரிய தொல்லை வெப்பம். 230 வோல்ட் மின்சாரத்தில் 1,300 வாட்டுக்கு ஆறு ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே போதும். 18 வோல்ட்டில் அதே வேலைக்கு 72 ஆம்பியர் வேண்டும். எந்த மின்கலத்திற்கும் உள்தடை என்று ஒன்று உண்டு. நமது பேட்டரியின் உள்தடை 0.05 ஓம் என்று கொண்டால், வெப்பமாக வீணாவது 72 × 72 × 0.05, அதாவது சுமார் 260 வாட். அந்தச் சிறிய பெட்டிக்குள் ஒரு சாலிடரிங் இரும்பு அல்ல, பல சாலிடரிங் இரும்புகள் ஒருசேரச் சுடுவதற்கு ஒப்பானது இது. 

இதற்குப் பொறியியலார் கண்ட வழி எளிமையானது. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 36 வோல்ட் ஆக்கினார்கள். மின்னோட்டம் பாதியாகக் குறைகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது ஆதலால், ஒவ்வொரு பேட்டரியிலும் நான்கில் ஒரு பங்காக, 65 வாட்டாகக் குறைந்துவிடுகிறது. பெரிய வட்ட ரம்பங்களிலும் கல் உடைக்கும் கருவிகளிலும் இரண்டு பேட்டரிகள் இருப்பதை அல்லது 54 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தம் இருப்பதை நீங்கள் காணும் காரணம் இதுதான்.

இக்கருவியின் வரலாற்றையும் ஓரிரு வரிகளில் பார்த்துவிடுவோம். 1961இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல்–காட்மியம் மின்கலத்தால் இயங்கும் துளைக்கருவியை வெளியிட்டது. நிக்கல்–காட்மிய மின்கலம் ஒன்று 1.2 வோல்ட்தான் தரும். 18 வோல்ட் வேண்டுமென்றால் பதினைந்து கலங்களைக் கோக்க வேண்டும். லித்தியம்–அயனி மின்கலம் 3.6 வோல்ட் தருகிறது. ஐந்து கலங்கள் போதும், எடையும் வெகுவாகக் குறைவு. இதை 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் இது பெரிய கருவிகளுக்குள் நுழைந்தது. இதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடமும் லித்தியம் மின்கலங்களை ஆராய்ந்து வருகிறது. மோட்டாரும் மாறிவிட்டது. தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்களுக்குப் பதிலாக, மின்னணுச் சுற்றே மின்னோட்டத்தின் திசையை மாற்றித் தரும் ‘பிரஷ்லெஸ்’ மோட்டார்கள் வந்துவிட்டன. உராய்வும் தீப்பொறியும் இல்லாததால், அதே பேட்டரியில் கூடுதல் வேலை நடக்கிறது.

இனிக் கருங்கல்லுக்கு வருவோம்.

மரத்தைத் துளைக்கும் பிட், சுழன்று சீவி எடுக்கிறது. கருங்கல்லை அப்படிச் சீவ முடியாது. எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் பிட்டின் முனைதான் சிவந்து மழுங்கும். கல்லை அடித்து நொறுக்க வேண்டும். பிட்டைச் சற்றே திருப்பி, மீண்டும் அடிக்க வேண்டும். தொண்டூர்க் குன்றில் உளி பிடித்தவர் செய்ததும் இதுவேதான்.

இங்கே வாங்குபவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரண டிரில்லிங் மெஷினில் சுத்தியல் படம் போட்ட ஒரு திருப்பி இருக்கும். அதைத் திருப்பினால், உள்ளே இரண்டு பல்வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிக் கடகடவென்று அதிரும். செங்கல்லுக்கு அது போதும், கருங்கல்லின்முன் எடுபடாது. கருங்கல்லுக்கு வேண்டியது ரோட்டரி ஹேமர் என்னும் வேறு வகை. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஓர் இரும்புக் குண்டை உந்த, குண்டு பிட்டின் பின்புறத்தில் மோதுகிறது. நீங்கள் தோளால் தள்ள வேண்டியதில்லை, காற்றே அடிக்கிறது.

பேட்டரியில் இயங்கும் சிறிய ரோட்டரி ஹேமரின் ஓர் அடியில் சுமார் 2 ஜூல் ஆற்றல் உண்டு. கல்தச்சர் ஒரு கிலோ சுத்தியை வினாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் இறக்கினால், அந்த ஓர் அடியில் 18 ஜூல்! ஒற்றைக்கு ஒற்றை நின்றால் மனிதனே பெரியவன். ஆனால் அவர் வினாடிக்கு ஓர் அடி அடிப்பதற்குள் இயந்திரம் எழுபது அடி அடித்துவிடுகிறது. அவருடைய 18 வாட்டுக்கு எதிராக இயந்திரத்தின் 140 வாட்.

கருங்கல்லில் ஒரு கன சென்டிமீட்டரைப் பொடியாக்கச் சில நூறு ஜூல் செலவாகும். 300 என்று கொள்வோம். கதவு நிலைக்கான 12 மில்லிமீட்டர் விட்டமும் 10 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள துளையில் 11 கன சென்டிமீட்டர் கல் இருக்கிறது. 3,400 ஜூல் வேண்டும். பேட்டரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் கல்லைச் சென்றடைகிறது என்றாலும், பத்தாயிரம் ஜூலில் ஒரு துளை முடிந்துவிடும். ஒரு பேட்டரிக்கு முப்பது துளை. நம் வேலையாளுக்கு இது தாராளம்.

கல் குவாரியில் போடும் துளையோ 32 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மீட்டர் ஆழம் இருக்கும். அதே கணக்கின்படி அந்த ஒரு துளைக்கு இரண்டு பேட்டரிகளுக்கு மேல் தீர்ந்துபோகும். அங்கே கம்ப்ரசரும் காற்றுச் சம்மட்டியும் இன்னும் முழங்கிக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இவ்வகைக் கருவி சந்தித்த மிகக் கடினமான சோதனைகளுள் ஒன்று நிலவில் நடந்தது. 1971இல் அப்பல்லோ 15 விண்கலத்தில் சென்ற டேவிட் ஸ்காட், நிலவின் உள்வெப்பத்தை அளக்கும் கருவியைப் புதைக்கத் துளை போட்டார். வெள்ளி–துத்தநாக மின்கலத்தில் இயங்கும், அடித்துச் சுழலும் துளைக்கருவி அவர் கையில் இருந்தது. மூன்று மீட்டர் இறங்க வேண்டிய முதல் துளை சுமார் 1.6 மீட்டரிலேயே நின்றுவிட்டது. பேட்டரியில் பழுதில்லை; மோட்டாரிலும் பழுதில்லை. துளைத்தண்டின்மீது திருகுபோல ஓடும் பள்ளம், தண்டின் துண்டுகள் இணையும் இடத்தில் அறுபட்டிருந்தது. நொறுங்கிய தூள் மேலே ஏறி வர வழியின்றி அடைத்துக்கொண்டது. தண்டின் வடிவத்தை மாற்றிய பிறகு, 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் இரண்டு மீட்டருக்கும் ஆழமாகத் துளைத்தார்கள். (நிலவுப் பயணத்திற்காகவே கம்பியில்லாக் கருவி பிறந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. 1961 என்ற ஆண்டை நினைவில் வைத்தால் அது தவறென்று விளங்கும்.)

தூள் வெளியேறாவிட்டால் பிட் கல்லை அடிப்பதில்லை. தன் தூளையே மீண்டும் மீண்டும் அடிக்கிறது. ஆகவே கருங்கல்லில் துளையிடும்போது, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூளை அகற்ற வேண்டும். பேட்டரியும் மிஞ்சும், பிட்டும் நீடிக்கும். அந்தத் தூளை மட்டும் வாயால் ஊதாதீர்கள். கருங்கல் தூளிலுள்ள சிலிக்கா நுண்துகள்கள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகின்றன. அதைக் குணப்படுத்த மருந்தில்லை. கைக்குட்டை கட்டினால் போதாது. நுண்தூளைத் தடுக்கும் முகமூடி வேண்டும்.

சரி, ஒரு மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள கருங்கல்லை இரண்டாக்க வேண்டும். பேட்டரிக் கருவியால் முடியுமா? அறுக்கப் போனால் முடியாது. மூன்றரை மில்லிமீட்டர் அகலக் கோடு போட்டு அறுத்தாலும் ஆயிரம் கன சென்டிமீட்டர் கல்லைப் பொடியாக்க வேண்டும். மூன்று இலட்சம் ஜூல். பேட்டரி முழுவதையும் கொட்டினாலும் போதாது. ஆனால் கல்தச்சர் கல்லை அறுப்பதில்லை, பிளக்கிறார். கருங்கல் அமுக்கத்தைத் தாங்குவதில் மன்னன். இழுவிசையைத் தாங்குவதில் ஏழை. 16 மில்லிமீட்டர் விட்டத்தில், 10 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரே வரிசையில் ஏழு துளைகள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அரைவட்ட இரும்புத் தகடுகளை இறக்கி, நடுவே ஆப்பைச் செருகி, சம்மட்டியால் வரிசையாக ஒவ்வோர் அடி அடித்துக்கொண்டே வாருங்கள். கல் பிளந்துவிடும். ஏழு துளைகளுக்கும் ஆன செலவு, பேட்டரியில் பாதிக்கும் குறைவு. மீதி வேலையை விரிசல் செய்துகொள்கிறது. பழைய பாறைகளின் ஓரத்தில் வரிசையாகச் சிறு குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்த ஆப்புக் குழிகளே.

கம்பியுள்ள கருவியே எப்போதும் வலியது என்று எண்ணிவிடவும் கூடாது. கிராமத்துக் கடைக்கோடி இணைப்பில் 230 வோல்ட் 180 ஆகச் சரிவதுண்டு. அதோடு ஐம்பது மீட்டர் மெல்லிய வயரையும் இழுத்தால், மோட்டார் திணறிச் சூடேறும். ஈரத் தரையில் தோல் உரிந்த வயர் கிடப்பது உயிருக்கே ஆபத்து. பேட்டரிக் கருவிக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பளு மிகும்போது அது சட்டென்று நின்றுவிடுவதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். உண்மையில், மோட்டார் சிக்கி மின்னோட்டம் எகிறும்போது பேட்டரி எரியாமல் காப்பதற்காக மின்னணுச் சுற்று அதை நிறுத்துகிறது. பிட்டை விடுவித்து, சற்று ஆறவிட்டுத் தொடர வேண்டும்.

கோடையில் இன்னொரு கவனம் தேவை. லித்தியம் மின்கலத்தை 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் கருங்கல் பாறை தொட முடியாதபடி சுடும். அதன்மேல் வைத்த பேட்டரியும், வேலை செய்து சூடேறிய பேட்டரியும் உடனே சார்ஜரில் ஏறினால் ஆயுள் குறையும். நிழலில் அரை மணி நேரம் வைத்த பிறகு ஏற்றுங்கள்.

கடைசியாக, பெட்டியின்மேல் அச்சிட்ட எண்கள். 18 வோல்ட் என்றாலும் 20 வோல்ட் என்றாலும் உள்ளே இருப்பவை தொடராக இணைந்த ஐந்து கலங்களே. முழுதாக ஏற்றியவுடன் அளந்தால் 20ஐத் தாண்டும், வேலையின்போது 18. இதில் ஏமாற்று இல்லை. ஆனால் சில மலிவுக் கருவிகளின்மேல் 48 என்றும் 88 என்றும் பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ‘வி.எஃப்.’ என்று ஏதோ இரண்டெழுத்தைச் சேர்த்திருப்பார்கள். அது வோல்ட் கணக்கே அல்ல. சார்ஜரின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் வெளியீட்டு அளவைப் படியுங்கள். அங்கே 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே இருப்பவையும் அதே ஐந்து கலங்கள்தாம். அதை 88 என்று நம்பி விலை கொடுக்க வேண்டாம்.