யார் செஞ்ச பாவம்?

"கிறிஸ்தவ இரக்கம்னா தப்பைக் கண்டுக்காம விடறதா?"ன்னு உங்கள்ல சில பேர் கேட்டிருந்தீங்க. நல்ல கேள்வி. இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுதான்.

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்துல, பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தர் வர்றார். அவரைப் பார்த்ததும் சீடர்கள் இயேசுகிட்ட கேக்கறாங்க: இது இவர் செஞ்ச பாவமா, பெத்தவங்க செஞ்ச பாவமா? தீர்ப்பு ஏற்கெனவே முடிஞ்சாச்சு, குற்றவாளி பேர் மட்டும்தான் பாக்கி. ரெண்டும் இல்லைன்னு சொல்லிட்டு, இயேசு மண்ணைக் குழைச்சு அந்த மனுஷனோட கண்ணுல பூசறார்.

ஐ.டி.ல இருக்கவங்களுக்கு இது புரியும். சர்வர் விழுந்தா 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' பண்ணுவோம். யார் பண்ணினான்னு கேக்காம, எது இதை நடக்க விட்டுச்சுன்னு கேப்போம். பெருந்தன்மை எல்லாம் இல்லைங்க. ஒருத்தன் பேர் கிடைச்ச உடனே விசாரணை நின்னுடும், அதனாலதான்.

இதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. டாக்டர் பால் பிராண்ட், 1914-ல கொல்லிமலையில மிஷனரி குடும்பத்துல பிறந்தவர். 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரா வர்றார். தொழுநோய்னா போன ஜென்மப் பாவம், கடவுள் கொடுத்த தண்டனைன்னு ஊர் முடிவு பண்ணியிருந்த காலம். சதை தானா அழுகி விரல் உதிருதுன்னுதான் எல்லாரும் நம்பினாங்க, டாக்டர்கள் உட்பட.

செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில பிராண்ட் ஒரு நோயாளியோட மடங்கிப்போன கையைப் பிடிச்சுக் குலுக்கறார். அந்தப் பிடி இவருக்கு வலிக்கிற அளவுக்கு இறுகுது. அழுகிப்போற கைக்கு ஏது இவ்வளவு பலம்? அங்கேருந்துதான் ஆராய்ச்சி ஆரம்பிக்குது. தசை நல்லாதான் இருக்கு, நரம்புதான் செத்துப்போச்சு. வலி தெரியாததால சுடுபாத்திரத்தை அப்படியே பிடிக்கறாங்க. ராத்திரி எலி கடிச்சாக்கூடத் தெரியறதில்லை. விரல் போறது இப்படித்தான். வேலை செய்யற தசைநாரை இடம் மாத்தித் தைச்சு, மடங்கின விரல்களை மறுபடி நீட்ட வெச்சார்.

அவர் அந்தக் கையைத் தொடாம இருந்திருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது. இன்னொண்ணு, கை சரியானவங்கள்ல சிலருக்குப் பிச்சைகூடக் கிடைக்கலை, ஏன்னா பார்த்துப் பரிதாபப்பட இப்ப ஒண்ணும் இல்லை! அதனால தச்சு வேலை மாதிரி தொழில் கத்துக்க ஒரு மையமும் தொடங்க வேண்டியிருந்துச்சு. (நம்ம சட்டமும் லேசுப்பட்டதில்லை. விவாகரத்துக்கான காரணங்கள்ல தொழுநோய் 2019 வரைக்கும் இருந்துச்சு.)

இப்ப ஓசூருக்கு வருவோம். நான் தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போறவன். காலையில சிப்காட் பக்கம் டீக்கடையில நின்னா தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியான்னு எல்லாம் காதுல விழும். ஒரு நாள் பேச்சு, ஏதோ ஒரு பிரஸ் ஷாப்ல ஒரு வடமாநிலப் பையனுக்கு விரல் போயிடுச்சுன்னு. அடுத்த நொடியே ஒருத்தர்: "தண்ணி போட்டிருப்பான்." இன்னொருத்தர்: "நைட்டெல்லாம் போன் பார்த்துட்டுத் தூங்கியிருப்பான்." அவன் பேர்கூட அங்க யாருக்கும் தெரியாது.

பவர் பிரஸ்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அழுத்தினாதான் மெஷின் இறங்கணும், கை உள்ள இருக்கக் கூடாதுங்கிறதுக்காக. டார்கெட் ஏறும்போது ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிடற பழக்கம், அந்த வேலை பார்த்தவங்களுக்குப் புதுசில்லை. நம்ம சீடர்கள் கேட்ட மாதிரி கேட்டா, இந்த டேப் கண்ணுலயே படாது.

அந்த டீக்கடைப் பேச்சுக்குப் பண மதிப்பும் இருக்கு. 1923ஆம் வருஷ இழப்பீட்டுச் சட்டம் கட்டைவிரல் முழுசா போனா 30 சதவீதம், ஆட்காட்டி விரல்னா 14 சதவீதம் உழைப்புத்திறன் இழப்புன்னு கணக்கு வெச்சுது. ஆனா விபத்துக்கு நேரடிக் காரணம் குடிபோதைன்னா, சாவோ முழு நிரந்தர ஊனமோ இல்லாத காயத்துக்கு முதலாளி பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புலயும் இந்த விதிவிலக்கு இருக்கு. இ.எஸ்.ஐ. இல்லாத ஒரு கான்ட்ராக்ட் பையனுக்கு "தண்ணி போட்டிருப்பான்"ங்கிற வார்த்தை சாட்சியா மாறினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்போ யாருமே பொறுப்பில்லையான்னு கேப்பீங்க. இருக்காங்க. டேப் ஒட்டச் சொன்னவர் பொறுப்பு. ஆனா அவர்கிட்டயும் இதே கேள்வியைத்தான் கேக்கணும், அவருக்கு அந்த டார்கெட்டைக் கொடுத்தது யாருன்னு. பையன் நிஜமாவே குடிச்சிருந்தாலும், முதல்ல கட்டு போடணும், அவன் மொழி தெரிஞ்ச ஒருத்தர் கூட ஆஸ்பத்திரிக்குப் போகணும். விபத்து அறிக்கையில என்ன எழுதியிருக்குன்னு அவனுக்குப் படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்க விடக் கூடாது. இரக்கம்னு நான் சொல்றது இந்த மூணு வேலையைத்தான்.

பிரஸ் ஷாப்ல வேலை பார்க்கறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, உங்க மெஷின்ல ரெண்டு பட்டனும் வேலை செய்யுதான்னு எழுதி அனுப்புங்க. கம்பெனி பேரும் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம்.