பன்னீர் திராட்சையின் பூர்வீகம்

பேராக்கின் ஈப்போ நகரை விட்டுத் தம்பூன் பக்கமாகப் போகிறவர்கள், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் சாலையோரக் கடைகளில் பம்பளிமாஸ் கனிகள் கயிற்றில் கட்டித் தொங்குவதைக் கண்டிருப்பார்கள். கடைக்காரரிடம் என்ன பழம் என்று விசாரித்தால், ஊர்ப்பெயரை முன்வைத்துத் "தம்பூன் பம்பளிமாஸ்" என்றுதான் சொல்லுவார். மண்ணுக்கும் கனிக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை நுணுக்கமாக ஆராய்ந்து, எல்லை வகுத்து, சட்டமாகவே எழுதிவைத்த ஜனங்கள் உலகில் சிலர் உண்டு. அவர்களுள் முற்பட்ட ஒரு சாரார் ஹங்கேரி தேசத்தார்.

சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, மது என்ற சொல் காதில் விழுந்தாலே, சம்பள நாளின் மாலையில் கள்ளுக்கடை வாசலில் கைக்குழந்தையோடு காத்து நின்ற தாய்மார்களின் முகந்தான் நினைவுக்கு வரும். ஆகையால் திராட்சை ரசத்தைப் பற்றிய புத்தகங்களை நெடுங்காலம் நான் தொட்டதேயில்லை. என் மனத்தைத் திருப்பியது ரசம் அன்று, ஒரு கனியின் பரிமளம்.

என் பாட்டனார் கங்காணியோடு புறப்பட்டுக் கப்பலேறிய ஊரைத் தேடித் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிற்குச் சென்றிருந்தபோது, சுருளிப்பட்டியில் ஒரு விவசாயி பந்தலிலிருந்து அறுத்துக் கொடுத்த கருநீலக் குலையை முகத்தருகே கொண்டுபோனேன். பன்னீர் தெளித்தது போன்ற அந்த வாசனையினால்தான் அதற்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். தோல் மெல்லியது, சாறு மிகுதி, விதை உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டிற்குத் திராட்சையை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. ஆனால் கொடி தழைத்ததற்குப் பாதிரியாரைக் காட்டிலும் மலையும் நீரும் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் இலைமேல் ஈரம் அதிகமாகத் தங்குவதில்லை; பொறியாளர் பென்னிகுயிக் கட்டி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீரோ மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து வேரை நனைக்கிறது. இலைக்கு வறட்சியும் வேருக்கு ஈரமும் ஒருங்கே வாய்ப்பது திராட்சைக்குப் பெரும் பாக்கியம். நம் பேராக்கில் வானம் ஓய்வதேயில்லை. ஈரம் உலராத குலை பழுக்குமுன்பே அழுகிவிடும்.

பன்னீர் திராட்சைக்குத் தாவர நூலார் வழங்கும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் வளர்க்கப்பட்ட இந்த இனத்தின் வம்சாவளியை மரபணுச் சோதனையால் ஆராய்ந்தபோது, அதைப் பெற்றவற்றுள் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட் என்றும், அந்த அலெக்சாந்திரியா மஸ்கட்டைப் பெற்றவற்றுள் ஒன்று சிறுமணி வெள்ளை மஸ்கட் என்றும் தெரியவந்தது. அந்தப் பழைய வெள்ளை மஸ்கட்டைத்தான் ஹங்கேரியர் மஞ்சள் மஸ்கட் என்ற பொருளில் ஷார்கா முஷ்கோட்டாய் என்று அழைத்து, தங்கள் நாட்டின் பெருமையாகிய டோக்காய் பிரதேசத்தில் பயிரிட்டு வருகிறார்கள். சுருளிப்பட்டியில் நான் முகர்ந்த வாசனைக்கு, டோக்காயின் குன்றுச் சரிவில் ஒரு மூதாதை இருக்கிறது என்பதை அறிந்த நாளிலிருந்துதான் அந்தத் தேசத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

ஹங்கேரியில் இன்று 22 திராட்சைப் பிரதேசங்கள் உண்டு என்றாலும், டோக்காய் வேறு எதனோடும் ஒப்பிடத்தக்கதன்று. 1737-இல் அரச ஆணையினால் அதன் எல்லை வகுக்கப்பட்டது; 2002-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. போட்ரோக், டிசா என்னும் இரு நதிகள் கூடும் அவ்விடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழுந்து குலைகளை நனைக்க, பிற்பகல் வெயில் அவற்றை உலர்த்த, இந்த மாறுதலிலே ஒருவகைப் பூஞ்சணம் கனியின் தோலைத் துளைத்துவிடுகிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் போக, இனிப்பும் மணமும் மட்டும் திரண்டு, கனி வற்றல்போலச் சுருங்குகிறது. அசூ என்று பெயர் பெற்ற அந்த வற்றல்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, கூடை கூடையாக அளந்து, 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை என்று கணக்கிட்டு இனிப்பின் தரத்தை நிர்ணயிப்பது அவர்களுடைய பழைய வழக்கம். அங்கே முதன்மையான இனம் ஃபுர்மின்ட். அடுத்தது லிண்டன் மரத்து இலை என்று பொருள்படும் ஹார்ஷ்லெவெலூ. முஷ்கோட்டாய் அளவில் சிறிதாயினும் சுகந்தத்தில் குறைந்ததன்று.

மற்றப் பிரதேசங்களுள், எகர் நகரத்துச் சிவப்பு ரசத்திற்குக் காளையின் இரத்தம் என்று பெயர். 1552-இல் துருக்கர் முற்றுகையிட்டபோது கோட்டைவீரர்கள் குடித்தது காளையின் இரத்தமே என்று எதிரிகள் மிரண்டதாக ஒரு கதை உண்டு. ஷோம்லோ என்னும் எரிமலைக் குன்றில் விளையும் ஓர் இனத்தின் குலை நீண்டிருப்பதால் ஆட்டுவால் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பலாட்டோன் ஏரிக்கரையில் பாடச்சோன் குன்றிலே விளையும் நீலக்காம்பு என்னும் இனமோ பெண்பூவை மட்டுமே பூப்பது. பெண் பப்பாளிக்கு ஆண்மரம் வேண்டுவது போல, அருகே வேறோர் இனத்தை நட்டால்தான் அது காய்க்கும். இந்தப் பெயர்களையெல்லாம் வைத்தவர்கள் பண்டிதர்கள் அல்லர். தினமும் கொடியைத் தொட்டுப் பழகிய குடியானவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

1870-களில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி ஒன்று ஹங்கேரியின் கொடிகளைச் சூறையாடியது. பூச்சி வாழமுடியாத மணற்பாங்கான சமவெளிகள் தப்பின. குன்றுகளிலோ, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின்மேல் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டும் நட வேண்டியிருந்தது. ஒட்டுக்கட்டிய ரப்பர் மரத்தைச் சீவிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பிரேசில் நாட்டு ரப்பர், கன்றாக 1877-இல் நம் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்த காலத்தை ஒட்டியே ஹங்கேரியில் கொடிகளும் அந்நிய வேரைத் தேடிக்கொண்டிருந்தன.

இவற்றையெல்லாம் படித்த பிறகு மறுமுறை சுருளிப்பட்டிக்குப் போனபோது, அந்த விவசாயியிடம் டோக்காயைப் பற்றிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அங்கே வருஷத்துக்கு எத்தனை அறுவடைங்க ஐயா?"

"ஒன்றுதான். குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும்."

"இங்கே அது தூங்குறதே இல்லீங்க. கத்தரிதான் அதுக்குக் குளிர்காலம்" என்றார் அவர். கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை பழுக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுபடுவதால், பள்ளத்தாக்கில் எங்கேயாவது ஓரிடத்தில் ஆண்டு முழுதும் அறுவடை நடந்துகொண்டேயிருக்கிறது. அவர் என்னை அடுத்த பந்தலுக்கு அழைத்துச் சென்றார். முந்தின நாள் கவாத்து செய்த கொடிகள் இலையின்றி நின்றன. வெட்டுவாயிலிருந்து தெளிந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பால்மரம் சீவிய ஞாபகத்தில் என் கை தானாகவே நீண்டு ஒரு சொட்டை ஏந்திக்கொண்டது.