காற்றும் நீரும் கல்லாப்பெட்டியும்

பலசரக்குக் கடை வைத்திருக்கும் நமக்குச் சீனா புதிய தேசம் அல்ல. காலையில் கடை திறந்ததும் 'கால் கிலோ சீனி' என்றுதான் வியாபாரம் தொடங்குகிறது. சீனக்காரம் நம் டப்பாவில் இருக்கிறது. சீனச்சட்டி பாத்திரக் கடையில் தொங்குகிறது. ஊறுகாய் போடும் பரணிக்குச் சீனப் பரணி என்றே பழைய பெயர். 1015-ஆம் ஆண்டிலேயே சோழர் தூதுக்குழு சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ் வணிகர்கள் குடியிருந்த சீனத் துறைமுகமான குவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நம் மாவட்டத்திலேயே, தக்கலைக்கு அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில், சீன வணிகர்கள் அன்பளிப்பாகக் கொடுத்ததாகச் சொல்லப்படும் நாற்காலியையும் சீனப் பரணிகளையும் இன்றும் பார்க்கலாம்.

அந்த வரிசையில் பிறகு வந்து சேர்ந்த சரக்குதான் 'ஃபெங் சுயி'. சீன வாஸ்து என்று நம் ஊரில் சொல்கிறார்கள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தொந்தியோடு சிரிக்கும் புத்தர், சிவப்பு நாடாவில் கட்டிய மூன்று ஓட்டைக் காசு, வாயில் காசு கவ்விய மூன்று கால் தவளை, வாசலில் கிணுகிணுக்கும் குழல்மணி என்று பல கடைகளிலும் வீடுகளிலும் இவை இடம் பிடித்துவிட்டன. நம் உறுப்பினர்கள் பலரும் இதைப் பற்றிக் கேட்பதால், தெரிந்ததையும் பட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

ஐந்து பூதங்கள், ஐந்து நிறங்கள்

ஃபெங் என்றால் காற்று. சுயி என்றால் நீர். காற்றையும் நீரையும் பார்த்து வீடும் கல்லறையும் அமைக்கும் முறைக்குத்தான் இந்தப் பெயர்.

நமக்கு ஐம்பூதங்கள் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். சீனருடைய கணக்கு வேறு. அவர்களுக்கு:

மரம்: கிழக்கு, பச்சை நிறம்.
நெருப்பு: தெற்கு, சிவப்பு.
மண்: நடு, மஞ்சள்.
உலோகம்: மேற்கு, வெள்ளை.
நீர்: வடக்கு, கறுப்பு அல்லது கருநீலம்.

இவற்றுள் ஒன்று மற்றொன்றை வளர்க்கும். நீர் மரத்தை வளர்க்கும். மரம் நெருப்பை வளர்க்கும். நெருப்பு சாம்பலாகி மண்ணைத் தரும். மண்ணிலிருந்து உலோகம் வரும். உலோகத்தின் மேல் நீர் துளிர்க்கும். அதேபோல ஒன்று மற்றொன்றை அடக்கவும் செய்யும். நீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு உலோகத்தை உருக்கும். உலோகம் மரத்தை வெட்டும். மரம் மண்ணைப் பிளக்கும். மண் நீரைத் தடுக்கும். வீட்டில் எது மிகுந்திருக்கிறதோ அதை அடக்குவதையும், எது குறைந்திருக்கிறதோ அதை வளர்ப்பதையும் நிறத்தாலும் பொருளாலும் செய்து சமன்படுத்த வேண்டும் என்பதே இதன் சாரம்.

இரண்டு சாத்திரம், ஒரு வாசல்

நம் வாஸ்துவையும் சீன வாஸ்துவையும் ஒரே கடையில் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குத்தான் திண்டாட்டம். நம் முறையில் நீருக்கு ஈசானிய மூலை, அடுப்புக்கு அக்கினி மூலை. சீன முறையிலோ நீர் வடக்கே, நெருப்பு தெற்கே. தெற்கு வாசல் என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பெய்ஜிங்கில் 1420-இல் கட்டி முடிக்கப்பட்ட சக்கரவர்த்தியின் அரண்மனைக்குத் தலைவாசலே தெற்கு நோக்கித்தான் இருக்கிறது.

இதில் யார் சரி? சீனத்தின் வட பகுதியில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கடுங்குளிர் காற்று வீசும். தெற்கிலிருந்து வெயில் கிடைக்கும். அதனால் வடக்கே மலையைத் துணையாக வைத்து, தெற்கே வாசல் வைத்தார்கள். அது அந்த ஊர்க் காற்றுக்கு ஏற்ற ஏற்பாடு. நம் ஊர்க் காற்று வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் போய் நின்றால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. ஆனி, ஆடிச் சாரல் ஒரு பக்கம் அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மறுபக்கம் அடிக்கிறது. இந்த இரண்டு மழையை நம்பித்தான் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகின்றன.

நாங்கள் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பக் கடையில் வியாபாரம் தளர்ந்தது. ஆலோசனை சொல்ல ஒருவரை அழைத்து வந்தோம். திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். கன்னி மூலை மண்ணுக்கு உரியது, அங்கே பாரம் இருக்க வேண்டும் என்று நம் சாத்திரமும் சொல்கிறது, சீன சாத்திரமும் தென்மேற்கை மண் என்றே சொல்கிறது என்றார். இரண்டும் ஒத்துப்போனதில் எங்களுக்கு நம்பிக்கை பலமாகிவிட்டது. வட்டிக்குப் பணம் வாங்கி, ஒரு தடுப்புச் சுவரை இடித்து, கல்லாப்பெட்டியை இடம் மாற்றி, அரிசி மூட்டைகளைத் தென்மேற்கு மூலையில் சுவரோடு சேர்த்து அட்டி போட்டோம். வைகாசியில் இது நடந்தது.

ஆனியில் சாரல் பிடித்தது. அந்த மேற்குச் சுவருக்கு வெளியே திறந்த சந்து. மழை நேரே வந்து அறையும் சுவர் அது. ஆடி முடிவதற்குள் அடிவரிசை மூட்டைகள் ஆறும் ஓதமேறிப் பூசணம் பிடித்துவிட்டன. விற்கக் கூடாத அரிசி. மாட்டுக்கு வைப்பதும் கேடு. கொட்டினோம். வட்டி மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

ஆலோசனை சொன்னவரைக் குறை கூற மாட்டோம். அவர் உள்ளே நின்று திசையைப் பார்த்தார். வெளியே போய்ச் சுவரைப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள். காற்று-நீர் என்று பெயர் வைத்த சாத்திரத்தைக் கேட்டுக்கொண்டு, காற்றையும் நீரையும் பார்க்காமல் விட்டோம்.

வியாபாரம் தளர்ந்த காரணம் பின்னால் கடன் நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. பற்று நீண்டிருந்தது, வரவு குறைந்திருந்தது. அதனால் கொள்முதலுக்கு முதல் இல்லை. சரக்கு இல்லாத கடைக்கு ஆள் வரவில்லை. அதற்கு மூலை காரணம் அல்ல.

கறுப்பு ஓடும் தண்ணீர்த் தொட்டியும்

அப்படியானால் நிறமும் பூதமும் வெறும் பேச்சா? அப்படியும் சொல்ல மாட்டோம். அதே பெய்ஜிங் அரண்மனையில் கூரைகள் பெரும்பாலும் மஞ்சள். 1776-இல் கட்டி முடித்த நூலகத்துக்கோ கறுப்பு ஓடு வேய்ந்தார்கள். கறுப்பு நீரின் நிறம். நீர் நெருப்பை அடக்கும். ஏடுகளுக்குத் தீயால் ஆபத்து வரக் கூடாது என்பது எண்ணம். ஆனால் ஓட்டை மட்டும் நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை. அரண்மனை முற்றங்களில் பெரிய உலோகத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். குளிர்காலத்தில் அது உறையாமலிருக்கத் தொட்டிக்கு அடியில் நெருப்பு மூட்டினார்கள். நம்பிக்கை கூரையில் இருந்தது. ஏற்பாடு தரையில் இருந்தது. நாமும் இதைத்தான் கடைப்பிடிக்க வேண்டும்.

அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை:

1. ஒரு மழைக்காலம் முழுவதும் எந்தச் சுவர் நனைகிறது, எந்தச் சன்னல் வழியாகக் காற்று வருகிறது என்று குறித்து வையுங்கள். உங்கள் கட்டடத்தின் ஃபெங் சுயி அதுவே.

2. எந்த மூலையானாலும் மூட்டைகளை மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

3. சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அல்லது இளநிறம் பூசுங்கள். வெளிச்சம் கூடும், வெக்கை குறையும், வண்டும் கரையானும் கண்ணில் படும்.

4. சிவப்பும் மஞ்சளும் தூரத்திலிருந்தே கண்ணை இழுப்பவை. பெயர்ப்பலகைக்கு ஏற்றவை, படுக்கையறைச் சுவருக்கு வேண்டாம்.

5. நெருப்பின் திசையைப் பார்ப்பதோடு பழைய மின்கம்பிகளையும் பாருங்கள். தீயணைப்பானும் மணல் வாளியும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

6. அடைசலைக் கழித்து நடைவழியைத் திறந்து வையுங்கள். இதில் எல்லாச் சாத்திரங்களுக்கும் ஒரே கருத்துதான்.

சிரிக்கும் புத்தரை வாங்கி வைப்பவர்களை நாங்கள் தடுக்கவில்லை. அவர் கௌதம புத்தர் அல்லர். புதாய் என்ற சீனத் துறவி. 'அதிர்ஷ்ட மூங்கில்' என்று விற்பதும் மூங்கில் அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த செடி. கண்ணுக்கு அழகு, மனதுக்கு ஆறுதல் என்றால் வாங்கலாம். ஆனால் வாங்கும்போது வியாபாரியாகவே இருங்கள். அடக்க விலை என்ன, விற்கும் விலை என்ன என்று கேளுங்கள்.

கடன் வாங்கிச் சுவர் இடிப்பது வேறு விஷயம். பெரிய அங்காடிகளோடு போட்டி போட்டு, கிலோவுக்குச் சில்லறைக் காசு லாபம் பார்க்கும் நமக்கு முதலே உயிர். சுத்தியலை எடுப்பதற்கு முன் கடன் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இடிக்க வேண்டும் என்று தோன்றினால், ஒரு ஆனி, ஆடியும் ஒரு ஐப்பசி, கார்த்திகையும் பொறுத்திருந்து பாருங்கள். காற்றும் மழையும் வந்து தம் கருத்தைச் சொல்லும். அவை கட்டணம் கேட்பதில்லை.