எத்தனை விசில் வந்தது?

குக்கரில் பருப்பை ஏற்றியவுடனே யாரும் வெயிட்டைப் போட்டுவிடுவதில்லை. மூடிக் குழாய் வழியாக ஆவி சீறிக்கொண்டு வரட்டும் என்று காத்திருக்கிறோம். அடுப்பு எரிகிறது, தண்ணீர் ஆவியாகிறது, ஆன ஆவியெல்லாம் வெளியே போய்விடுகிறது. உள்ளே அழுத்தம் ஏறுவதே இல்லை. வெயிட்டை வைத்ததும் பாருங்கள், கிடுகிடுவென ஏறிவிடும். தீயைக் கூட்ட வேண்டியதில்லை, ஓட்டையை அடைத்தால் போதும்.

நம் செல்கள் பி53 என்ற புரதத்தை வெயிட் போடாத குக்கர் நிலையில்தான் எப்போதும் வைத்திருக்கின்றன. புற்றுநோய் கிளம்பாமல் தடுக்கும் புரதங்களில் அதிகம் ஆராயப்பட்டது இதுதான். 1979இல் லண்டனில் டேவிட் லேன், பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவின் உட்படச் சில குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. புற்றுநோயை வளர்ப்பதே இதுதான் என்று பத்து ஆண்டுகள் நம்பினார்கள். அவர்கள் சோதித்த பி53 மரபணுக்கள் பலவும் ஏற்கெனவே கெட்டுப்போனவை என்பது பிறகுதான் புரிந்தது. 1989இல் அது எதிர்த்தரப்பிலிருந்து நம் தரப்புக்கு வந்தது.

செல் பி53ஐ ஓயாமல் தயாரிக்கிறது. தயாரான கையோடு அழித்தும் விடுகிறது. ஆவிக் குழாயின் வேலையைச் செய்வது எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம். அது பி53ஐப் பிடித்து, யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதங்களை அதன்மேல் சங்கிலியாக ஒட்டிவிடும். அந்தச் சங்கிலி ஒட்டிய பி53ஐப் புரோட்டியசோம் என்ற வெட்டும் எந்திரம் துண்டுபோட்டுவிடும். இப்போது இருக்கும் பி53இல் பாதி இன்னும் சுமார் 20 நிமிடத்தில் இருக்காது.

என்ன ஊதாரித்தனம் என்று தோன்றலாம். ஆனால் ஆபத்து வந்த பிறகு மரபணுவைப் படித்து, ஆர்என்ஏ எழுதி, புரதம் கட்டுவதென்றால் நேரம் பிடிக்கும். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தால் வெயிட் வைப்பது ஒன்றுதான் பாக்கி. சரி, ஆவி வீணாக வேண்டாமென்று ஓட்டையை நிரந்தரமாக அடைத்துவிட்டால்? 1995இல் எம்டிஎம்2 இல்லாத எலிகளை உருவாக்க முயன்றார்கள். கருவிலேயே, அதுவும் மிக ஆரம்பத்திலேயே, எல்லாம் இறந்தன. எம்டிஎம்2ஐயும் பி53ஐயும் சேர்த்தே நீக்கியபோது எலிகள் பிழைத்துப் பிறந்தன. காவல் காக்கும் புரதத்துக்குக் கடிவாளம் இல்லையென்றால் அதுவே உயிரைக் குடித்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

கதிர்வீச்சு பட்டு டி.என்.ஏ.வின் இரு இழையும் அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் விழித்துக்கொள்வது ஏடிஎம் என்ற நொதி (வங்கி வாசலில் நிற்பது வேறு). அது பி53இன் முனையிலும் எம்டிஎம்2விலும் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. இருவரின் பிடியும் தளர்கிறது. வெயிட் உட்கார்ந்துவிட்டது. பி53 குவிகிறது, நான்கு நான்காகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் போய் அமர்ந்து பல மரபணுக்களை முடுக்குகிறது. பி21 வந்து செல் பிரிவதை நிறுத்தும். பழுதைச் சரிபார்க்க அவகாசம் கிடைக்கும். சரியாகாது என்றால் பூமா, பாக்ஸ் போன்ற புரதங்கள் கிளம்பி அந்தச் செல்லைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வைக்கும்.

பி53 முடுக்கிவிடும் மரபணுக்களில் எம்டிஎம்2இன் மரபணுவும் ஒன்று! குக்கர் உவமை இங்கே கொஞ்சம் இடிக்கிறது. நம் வீட்டு ஆவி வெயிட்டைத் தூக்குமே தவிர, தனக்கென்று புதிதாக ஓட்டை போட்டுக்கொள்ளாது. செல்லுக்குள் ஆவியே ஓட்டைக்கு ஆர்டர் கொடுக்கிறது, அந்த ஓட்டை தயாராகிவரத் தாமதமாகிறது. அதற்குள் பி53 உச்சிக்குப் போய்விடும். எம்டிஎம்2 வந்து சேர்ந்ததும் சரசரவென இறங்கும். பழுது இன்னும் இருந்தால் மறுபடி ஏறும்.

அதாவது விசில். 2004இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வகத்தில் காலிட் லஹவ், உரி அலோன் குழுவினர் இரு புரதங்களையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரவைத்து, மார்பகப் புற்றுநோய்ச் செல்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். அதற்கு முன் லட்சக்கணக்கான செல்களை மொத்தமாக அரைத்துத்தான் அளந்துவந்தார்கள். ஒரு தெருவின் குக்கர்களையெல்லாம் சேர்த்துக் கேட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். தனிச் செல்லில் தெரிந்தது வேறு: சில மணி நேரத்துக்கு ஒரு துடிப்பு. கதிர்வீச்சைக் கூட்டினால் துடிப்பு பெரிதாகவில்லை, நீளவும் இல்லை. அதிகக் கதிர்வீச்சு பட்ட செல்களில் துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடியது. பருப்புக்கு மூன்று, கொண்டைக்கடலைக்கு ஆறு என்று நாமும் விசிலின் சத்தத்தையா அளக்கிறோம்?

புற்றுநோய் இந்த அமைப்பை எங்கே கெடுக்கிறது? ஏறத்தாழப் பாதிப் புற்றுநோய்களில் பி53 மரபணுவே பழுதாகிவிடுகிறது. பெரும்பாலும் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். 175, 248, 273ஆம் இடங்களில் அடிக்கடி. அப்படிப்பட்ட பி53ஆல் டி.என்.ஏ.வைச் சரியாகப் பிடிக்க முடியாது. நால்வர் கூட்டணியில் கெட்டது ஒன்று புகுந்தாலும் மற்றவற்றின் வேலையும் கெடும். எம்டிஎம்2க்கு ஆர்டர் கொடுக்கவும் அதற்குத் தெரியாது. ஆகவே அழியாமல் குவிந்துகொண்டே போகிறது. நோய்க்கூறு மருத்துவர் திசுவுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது உட்கருக்கள் எல்லாம் அடர்பழுப்பாகத் தெரிந்தால், காவல் பலமாக இருக்கிறது என்று பொருளல்ல, கெட்டுவிட்டது என்ற சந்தேகம்தான் வரும். குக்கர் நிரம்பியிருக்கிறது, பருப்பு வேகவில்லை.

மற்ற புற்றுநோய்கள் பலவற்றில் பி53 நன்றாகவே இருக்கும், ஓட்டைதான் பெரிதாகியிருக்கும். கொழுப்புத் திசுவில் வரும் லைப்போசார்க்கோமாவின் சில வகைகளில் எம்டிஎம்2 மரபணு பல பிரதிகளாகப் பெருகிக் கிடக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதன் இ6 புரதம், எம்டிஎம்2ஐச் சட்டை செய்யாமல், செல்லின் வேறொரு யுபிக்விட்டின் நொதியைக் கூட்டிவந்து பி53ஐ ஒழித்துக்கட்டும். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அவற்றில் பி53 மரபணு பழுதில்லாமல் இருக்கிறது, புரதமோ மிகச் சொற்பம்.

ஓட்டைதான் பிரச்சினை என்றால் வெயிட் வைத்துவிடலாமே? எம்டிஎம்2இல் பி53 வந்து உட்காரும் சின்னப் பள்ளம் ஒன்று உண்டு. அதில் போய் அடைத்துக்கொள்ளும் நட்லின் என்ற மூலக்கூறை ரோஷ் நிறுவனத்தினர் 2004இல் வெளியிட்டார்கள். பி53 கெட்டுப்போன கட்டியில் அதற்கு வேலையில்லை. இ6 தன் தனி வழியில் பி53ஐக் காலி செய்யும் இடத்திலும் அது பெரிதாக உதவாது. பி53 நன்றாக இருக்கும் செல்களிலோ விசிலே இல்லாமல் அழுத்தத்தை அப்படியே நிறுத்திவைக்கலாம். 2012இல் ஹார்வர்டில் லஹவின் குழு இதைச் செய்துபார்த்தது: துடித்துத் துடித்து அடங்கும் செல்கள் பல மீண்டன; அழுத்தம் இறங்காத செல்கள் பல, நிரந்தரமாகப் பிரிவதை நிறுத்திவிட்டன.

நட்லினின் வழிவந்த மருந்துகள் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. எலும்பு மஜ்ஜையிலும் நல்ல பி53 இருக்கிறதே, அங்கேயும் வெயிட் உட்கார்ந்துவிடுகிறது. இரத்தத் தட்டணுக்கள் சரிகின்றன. அதனால் பல சோதனைகளில் சில நாள் மருந்து, பிறகு மஜ்ஜை தேறிவர நீண்ட இடைவெளி, மறுபடி சில நாள் என்று கொடுக்கிறார்கள்.